மடியிலிருந்து இருக்கைக்கு: நம் பிள்ளைகளின் மகிழுந்துப் பயண வரலாறு



சென்ற வாரம் என் இளைய மகளை எடைக்கருவியில் நிறுத்திப் பார்த்தேன். நான்கு வயது முடிந்த அவள் பதினாறரை கிலோ இருந்தாள். அவளுடைய மகிழுந்து இருக்கையின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கும் செம்மஞ்சள் வில்லையில் 9 முதல் 18 கிலோ வரை என்று அச்சிடப்பட்டுள்ளது. இன்னும் ஒன்றரை கிலோ கூடினால் அடுத்த இருக்கைக்கு மாற வேண்டும். எதை வாங்குவது, எப்போது மாற்றுவது என்று தேடத் தொடங்கிய நான், இந்த இருக்கையின் வரலாற்றுக்குள்ளேயே போய்விட்டேன். அங்கே படித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையது எனக் கருதுகிறேன். ஒவ்வொரு நாளும் காலையில் நம் பள்ளி வாயிலில் காணும் காட்சியும் இதை எழுதத் தூண்டியது.

தூளியும் மடியும்

குழந்தையைப் பாதுகாப்பாகக் கட்டி வைக்கும் கலை தமிழருக்குப் புதியதன்று. பழைய சேலையை உத்தரத்தில் கட்டித் தூளியாக்கி, பிள்ளை புரண்டு விழாதபடி உறங்க வைத்தவர்கள் நம் பாட்டிமார்கள். தோட்டப்புறங்களில் பெற்றோர் பால்மரம் சீவப் போன பிறகு, ஆயாக்கொட்டகையில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். கூலாய், செனாய் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த முந்தைய தலைமுறையினர் பலருக்கும் அது முதல் பள்ளிக்கூடம் போன்றது.

ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் நமக்குத் தெரிந்த ஒரே இருக்கை தாயின் மடிதான். தோட்டத்து லோரியில் கூட்டமாக நின்றுகொண்டு பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. தந்தைக்கு முன்னால் ஒரு பிள்ளை, தாய்க்கும் தந்தைக்கும் நடுவில் ஒரு பிள்ளை என்று ஒரு குடும்பமே ஒரு வண்டியில் போனது. 1985-ஆம் ஆண்டு ஜூலையில் புரோட்டோன் சாகாவும் 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் வந்தன. உழைக்கும் குடும்பங்கள் பல சொந்த மகிழுந்து வாங்கின. மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்த பிள்ளைகள் கதவுள்ள வண்டிக்குள் வந்தார்கள். கதவும் கூரையும் இருப்பதே பாதுகாப்பு என்று நாமும் நம்பினோம். மடி மட்டும் மாறவில்லை.

என் தந்தையாரும் அக்காலத்தில் பழைய சாகா ஒன்றை வாங்கினார். முன்னிருக்கையில் அம்மாவின் மடியில் தம்பி அமர்ந்திருப்பான். பின்னிருக்கையில் நானும் அக்காளும் நின்றுகொண்டே ஜோகூர் பாரு வரை வேடிக்கை பார்த்துச் செல்வோம். அது எவருக்கும் தவறாகத் தோன்றவில்லை. அன்று நாடெங்கும் வழக்கம் அதுவே.

இருக்கை பிறந்த காரணம் வேறு

மேலை நாடுகளிலும் தொடக்கம் இப்படித்தான் இருந்தது. 1930-களில் அமெரிக்காவில் பன்னி பேர் என்னும் நிறுவனம் பிள்ளைகளுக்கான மகிழுந்து இருக்கைகளைச் செய்தது. பாதுகாப்பு அவற்றின் நோக்கமன்று. பிள்ளை ஓடியாடாமல் ஓரிடத்தில் உட்கார வேண்டும், சன்னல் வழியாக வெளியே பார்க்கும்படி சற்று உயரமாக இருக்க வேண்டும், ஓட்டுகிற பெற்றோரின் கண்ணில் பட வேண்டும் என்பவையே நோக்கங்கள். பின்னர் வந்தவை இரும்புக் கம்பிச் சட்டத்தில் கித்தான் துணி கட்டி, முன்னிருக்கையின் முதுகில் கொக்கி போட்டு மாட்டப்பட்டவை. சிலவற்றில் பிள்ளை விளையாட ஒரு பொம்மைச் சுக்கானும் இருந்தது. மோதினால் பிள்ளையோடு சேர்ந்து இருக்கையும் பறக்கும்.

1959-இல் சுவீடனின் வோல்வோ நிறுவனத்துப் பொறியாளர் நீல்ஸ் பொலின், மூன்று முனைகளில் பொருந்தும் இருக்கை வாரை அறிமுகப்படுத்தினார். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த வாரின் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ இடமளித்தது. இன்று நாம் அணிவதும் அதே வார்தான். ஆயினும் அது பெரியவர்களின் உடலுக்கு அளவெடுத்தது. பிள்ளைக்கு அந்த வார் கழுத்திலும் வயிற்றிலும் விழும்.

1962-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜீன் ஏம்ஸ், அமெரிக்காவின் டென்வர் நகரத்து லியனார்ட் ரிவ்கின் ஆகிய இருவரும் தனித்தனியாக, பிள்ளையைக் காப்பதையே நோக்கமாகக் கொண்ட இருக்கைகளை வடிவமைத்தனர். பிள்ளை இருக்கையின் பாதுகாப்பு வரலாறு உண்மையில் இவர்களிடமிருந்தே தொடங்குகிறது எனலாம்.

அதே காலத்தில் சுவீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்னும் மருத்துவப் பேராசிரியர் வேறொரு கோணத்தில் சிந்தித்தார். விண்கலம் புறப்படும்போது வீரர்கள் மல்லாந்து சாய்ந்தபடி இருப்பார்கள். பேரழுத்தம் முதுகு முழுவதும் பரவுவதால் உடல் தாங்குகிறது. அதையே பிள்ளைக்கும் செய்தால் என்ன? பிள்ளையை வண்டியின் பின்புறம் நோக்கி உட்கார வைத்தால், நேர்மோதலில் அதன் தலையும் கழுத்தும் முதுகும் ஒருசேர இருக்கையில் அழுந்தும். கழுத்து தனியாக இழுபடாது. 1960-களின் நடுப்பகுதியில் வோல்வோ வண்டியில் அந்த இருக்கை சோதிக்கப்பட்டது. பிறந்த குழந்தைக்கு உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலை. கழுத்தோ இன்னும் முற்றாத தண்டு. சுவீடனில் நான்கு வயதுப் பிள்ளைகள்கூடப் பின்னோக்கி அமர்ந்து பயணம் செய்வதன் காரணம் இதுவே.

1970-களின் பிற்பகுதியில் அதே வோல்வோ இன்னொரு எளிய பொருளையும் கொண்டுவந்தது. அது பிள்ளையைச் சற்று உயர்த்தி, பெரியவர்களின் வார் சரியான இடத்தில் விழும்படி செய்யும் உயர்த்து மெத்தை. பாலர் பள்ளி வயதைக் கடக்கும் பிள்ளைகளுக்கு இன்று நாம் தேடும் 'பூஸ்டர்' இருக்கைக்கு முன்னோடி அதுதான்.

தாய்மடிக்கு ஒரு சட்ட விலக்கு

இந்த வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி இதுதான். அமெரிக்காவின் தென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் இருந்தார். சாலை விபத்துகளில் பிள்ளைகள் மாண்டுபோவதைக் கண்டு, பிள்ளை இருக்கையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சட்டமன்றத்தை நாடினார். 1977-இல் சட்டம் நிறைவேறி, 1978 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் இத்தகைய சட்டத்தை முதன்முதலில் இயற்றிய மாநிலம் தென்னசியே.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு விலக்கு நுழைந்துவிட்டது. கைக்குழந்தையைப் பெரியவர் ஒருவர் மடியில் வைத்திருந்தால் போதும், இருக்கை வேண்டியதில்லை என்பதே அது. தாயின் கையைவிடப் பாதுகாப்பான இடம் எது என்று கேட்டால் எந்தச் சட்டமன்ற உறுப்பினர்தான் மறுத்துப் பேசுவார்? மருத்துவர்கள் விடவில்லை. அந்த விலக்கிற்குக் 'குழந்தை நசுக்கி' என்றே பெயர் வைத்தார்கள். மோதலில் தாயின் உடலே பிள்ளையை முன்பலகையோடு சேர்த்து நசுக்கும் என்பதை எடுத்துக்காட்டி, 1981-இல் அந்த விலக்கை நீக்கச் செய்தார் சாண்டர்ஸ். 1985-க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும் பிள்ளை இருக்கைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டன.

அன்பு வலிமையற்றது என்று இதற்குப் பொருளில்லை. கைக்கு ஓர் எல்லை உண்டு என்பதே பொருள். ஆசிரியன் அல்லவா, கணக்கிட்டே பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், 16 கிலோ எடையுள்ள என் மகளைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 225 கிலோ எடையைத் தாங்குவதற்கு ஒப்பான விசை தேவை. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தூக்கிப் பிடிப்பது எந்தத் தாயாலும் முடியுமா? அதே வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்திலிருந்து, விழுவதற்குச் சமம். மூன்றாம் மாடிச் சன்னலோரத்தில் பிள்ளையை நிற்க வைப்போமா?

எங்கள் வீட்டில் நடந்தது

இதை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. மூத்த மகனுக்கு மூன்று வயதிருக்கும். என் அம்மா பின்னிருக்கையில் அவனை மடியில் வைத்திருந்தார். வீட்டில் ஒரு பிள்ளை இருக்கை இருந்தது. அழுகிறான் என்று அதைக் கழற்றிப் பொருள் வைக்கும் அறையில் போட்டிருந்தோம். ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் செனாய் திரும்பும்போது மோட்டார் சைக்கிள் ஒன்று திடீரெனக் குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். மோதல் எதுவும் நிகழவில்லை. ஆனால் பையன் பாட்டியின் கையிலிருந்து நழுவி, முன்னிருக்கையின் முதுகில் மோதி, உதடு கிழிந்து குருதி வழிந்தது.

அன்றிரவு முழுவதும் அம்மா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் இறுக்கமாத்தான்யா புடிச்சிருந்தேன். கை எப்படி வுட்டுச்சுன்னே தெரியலயே." ஐந்து பிள்ளைகளை வளர்த்த கைகள் அவை. பல ஆண்டுகள் பால்வாளி சுமந்த கைகள். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. இருக்கையைக் கழற்றி வைத்தவன் நான். உதட்டில் இரண்டு தையல்களோடு போயிற்று. வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம். மறுநாள் காலையில் அறையிலிருந்து அந்த இருக்கையை எடுத்துத் துடைத்து வைத்தவர் என் அம்மாதான்.

நம் நாட்டுச் சட்டம்

மலேசியாவில் முன்னிருக்கைப் பயணிகள் வார் அணிவது 1979 ஏப்ரல் முதல் நாள் கட்டாயமானது. பின்னிருக்கைக்கு அதே விதி வந்தது 2009 ஜனவரி முதல் நாளில்தான். இடையில் முப்பது ஆண்டுகள்! பிள்ளைகளோ பெரும்பாலும் பின்னிருக்கையில் இருப்பவர்கள்.

2007-இல் மலேசிய சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸ் தோற்றுவிக்கப்பட்டது. 2011-இல் மிரோஸின் பங்களிப்போடு ஆசியான் என்கேப் என்னும் புதிய மகிழுந்து மதிப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. மலாக்காவில் உள்ள சோதனைக் கூடத்தில் வண்டிகள் மோதவிடப்பட்டன. பிள்ளைகளின் அளவில் செய்யப்பட்ட சோதனைப் பொம்மைகளைப் பின்னிருக்கையில் அமர்த்தி, பிள்ளைகளின் பாதுகாப்புக்கெனத் தனி மதிப்பெண் தந்தார்கள். நம் உள்நாட்டு வண்டிகளில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பரவலானதற்கு இத்தகைய மதிப்பீடுகளும் ஒரு காரணம்.

பின்னர் 2020 ஜனவரி முதல் நாள், தனியார் வாகனங்களில் பிள்ளை இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அதனை அறிவித்தபோது, தொடக்கக் காலத்தில் சம்மன் கொடுப்பதைவிட விழிப்புணர்வுக்கே முதலிடம் தரப்படும் என்றும் சொல்லப்பட்டது. அந்தச் சலுகையை நம்மில் பலர் 'சட்டம் இன்னும் வரவில்லை' என்று புரிந்துகொண்டதுதான் வருத்தம். சில வாரங்களிலேயே பெருந்தொற்றும் வந்து பேச்சு மாறிவிட்டது.

செனாய் வட்டாரத்தில் அன்றாடம் பாலம் கடந்து வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலர். சிங்கப்பூரில் 2012 ஜனவரி முதல், 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு அவர்களின் அளவுக்கேற்ற இருக்கை கட்டாயம் என்பது அவர்களுக்குத் தெரியும். பாலத்தைத் தாண்டும்போது பிள்ளையை இருக்கையில் கட்டி, திரும்பி வந்ததும் அவிழ்த்துவிடும் குடும்பங்களையும் நான் அறிவேன். அக்கரையில் பிள்ளைக்கு இருக்கும் எலும்புதானே இக்கரையிலும் இருக்கிறது?

இந்தியாவிலும் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வாரோ பிள்ளை இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று விதித்தார்கள்.

வளரும் பிள்ளைக்கு எந்த இருக்கை?

வரலாற்றை அறிந்தால் தேர்வு எளிதாகிறது. இருக்கையின் முத்திரையை முதலில் பாருங்கள். வட்டத்திற்குள் ஆங்கில 'இ' எழுத்தும் அருகில் ஓர் எண்ணும் இருக்கும். ஆர்44, ஆர்129 ஆகியவை ஐக்கிய நாட்டு விதிமுறைகள். 1980-களில் பரவிய பழைய ஆர்44 எடையைக் கொண்டு பிரிக்கிறது. 2013-இல் வந்த ஆர்129 உயரத்தைக் கொண்டு பிரிக்கிறது, பதினைந்து மாதம் வரை பின்னோக்கி அமர்த்துவதைக் கட்டாயமாக்குகிறது. முத்திரை இல்லாத மலிவு விலைத் துணிப்பட்டைகளை இணையத்தில் வாங்காதீர்கள்.

என் தேடலில் எனக்குத் தெளிந்தவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

1. பின்னோக்கிய இருக்கை: அந்த இருக்கை அனுமதிக்கும் எடையும் உயரமும் எட்டும்வரை பின்னோக்கியே வைத்திருங்கள். கால் மடங்கி இருப்பது பிள்ளைக்கு இடரன்று. முன்னால் காற்றுப்பை உள்ள இருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் பொருத்தாதீர்கள். விரியும் காற்றுப்பையே பிள்ளையைக் கொன்றுவிடும்.

2. ஐந்து முனை வார் கொண்ட முன்னோக்கிய இருக்கை: பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு உரியது. ஆர்44 முறையில் 9 முதல் 18 கிலோ வரை. தோள்வார் பிள்ளையின் தோளுக்கு நேராகவோ சற்று மேலாகவோ புறப்பட வேண்டும். தோள் மேல்துளையைத் தாண்டிவிட்டாலோ, எடை எல்லையை எட்டிவிட்டாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். வயது ஒரு வழிகாட்டிதான். முடிவு சொல்வது அளவு.

3. உயர்த்து இருக்கை: ஏறத்தாழ 15 முதல் 36 கிலோ வரை. முதுகுச் சாய்வு உள்ளதே சிறந்தது; பிள்ளை உறங்கினாலும் தலை சாயாது, வார் விலகாது. வண்டியின் வார் தோளின் நடுவிலும் தொடையெலும்பின் மேலும் விழ வேண்டும். கழுத்திலும் வயிற்றிலும் விழக்கூடாது. 15 கிலோ ஆனவுடனே அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஐந்து முனை வாரில் இடமிருக்கும்வரை அதிலேயே இருப்பது நன்று. பிள்ளை வாரைக் கழற்றாமல், சாய்ந்து விளையாடாமல் ஒழுங்காக உட்காரும் பக்குவமும் வேண்டும்.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஏழு வயதுப் பிள்ளையின் நடுவளவு உயரம் ஏறத்தாழ 121 சென்டிமீட்டர். பத்து வயதில் ஏறத்தாழ 138. ஆக, முதலாம் ஆண்டில் நுழையும் நம் மாணவர் மட்டுமல்லர், மூன்றாம் ஆண்டு மாணவருள் பெரும்பாலோருக்கும் உயர்த்து இருக்கை தேவை. பள்ளியில் நாம் மாணவர்களின் உயரத்தையும் எடையையும் பதிவு செய்கிறோம். அந்த எண்களைப் பெற்றோரிடம் சொல்லும்போது இதையும் ஒரு சொல்லாகச் சேர்க்கலாமே.

நம் ஊருக்கே உரிய சில குறிப்புகளும் உண்டு. புத்தகப்பையை முதுகில் மாட்டியபடியே பிள்ளையை இருக்கையில் கட்டாதீர்கள். வார் தளர்ந்து பயனற்றுப் போகும். தோளருகே வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள்; மடிப்பு அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் கொளுவியின் உலோகம் சுடும். கட்டுமுன் தொட்டுப் பாருங்கள். உறவினர் தரும் பழைய இருக்கையை ஏற்கலாம், விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

இரண்டு கிலோமீட்டர்தானே?

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் இதைப் பேசியபோது ஒரு தந்தை எழுந்து, "ரெண்டு கிலோமீட்டர்தானே சார், அதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சில நூறு ரிங்கிட் என்பது பல குடும்பங்களுக்கு ஒரு மாத மளிகைச் செலவு. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது இன்னும் பாரம். அவருக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்: எங்கள் வீட்டு நிகழ்வு நடந்த இடத்திலிருந்து எங்கள் வீடு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்குப்படி, முறையாகப் பொருத்திய இருக்கை மகிழுந்து விபத்துகளில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்தை 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளின் மரணத்தை 54 விழுக்காடும் குறைக்கிறது. இதைவிடப் பெரிய பயன் தரும் பொருள் எதையும் நான் அந்த விலைக்கு வாங்கியதில்லை. எல்லாருக்கும் ஒரே நாளில் இயலாது என்பதை அறிவேன். பிள்ளை வளர்ந்துவிட்ட வீடுகளில் நல்ல இருக்கைகள் தூசு படிந்து கிடக்கின்றன. நம் பள்ளியில் அவற்றைக் கைமாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம் என்று அந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். கேள்வி கேட்ட தந்தைதான் முதலில் பெயர் கொடுத்தார்.

வெள்ளம் வருமுன் அணை கட்டச் சொன்னவர்கள் நம் முன்னோர். தூளி கட்டிய அதே அறிவுதான் இன்று வார் கட்டச் சொல்கிறது. மடி என்றும் இருக்கும். கதை சொல்லவும், சோறு ஊட்டவும், உறங்க வைக்கவும். வண்டி நின்ற பிறகு பிள்ளை அங்கே திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இருக்கை.

இப்போதெல்லாம் எங்கள் வண்டியில் அம்மா என் மகளுக்கு அருகில் அமர்ந்துகொள்கிறார். முதலில் பேத்தியின் வாரைக் கட்டி, தோளருகே கிள்ளிப் பார்த்துவிட்டு, பிறகு தம் வாரைக் கட்டிக்கொள்கிறார். அதற்குப் பின்னரே, "ம், எடுய்யா வண்டிய" என்கிறார்.